குழந்தையின் டேப்பில் விளையாட்டு விளம்பரங்கள்: எந்தத் தடுப்பு வீட்டுக்கு ஒத்துவரும்?

என் மகளுக்கு ஏழு வயது. ஆண்ட்ராய்டு டேப்பில் அவள் விளையாடுவதெல்லாம் வண்ணம் தீட்டுவது, கேக் செய்வது போன்ற இலவச விளையாட்டுகள். ஒரு கட்டம் முடிந்தால் ஒரு விளம்பரம். அதை மூடும் பெருக்கல் குறி கடுகளவுதான் இருக்கும், விரல் தவறினால் நேராகப் பிளே ஸ்டோரில் போய் நிற்கும். பெற்றோர் கட்டுப்பாட்டுக்கான கூகுளின் ஃபேமிலி லிங்க் செயலியில் அனுமதி கேட்கும்படி வைத்திருப்பதால் எதுவும் தானாக இறங்குவதில்லை, காசும் போவதில்லை. ஆனால் விளம்பரம் வருவதை அது நிறுத்தாது. இருக்கிற வழிகளை எல்லாம் பார்த்துவிட்டு, டேப்பிலேயே இருக்கும் பிரைவேட் டிஎன்எஸ் என்ற அமைப்பைப் பிடித்துக்கொண்டேன் (டிஎன்எஸ் என்பது, ஒரு தளத்தின் பெயரைக் கேட்டால் அதன் இணைய முகவரியைச் சொல்லும் சேவை).

ஏர்பிளேன் மோட் எல்லாருக்கும் தெரிந்ததுதான். செலவில்லை. இணையம் இல்லாமல் ஓடும் விளையாட்டுக்கு அதுவே போதும். பள்ளிக்கூடத்தில் அனுப்பிய வீடியோவைப் பார்க்க அதை எடுத்துவிட்டு, மறுபடி போட மறந்துவிடுவோம். அவ்வளவுதான் அதன் ஆயுள்.

காசு கொடுப்பது நேர்மையான வழி. கூகுள் பிளே பாஸ் 2022-ல் இந்தியாவுக்கு வந்தபோது மாதம் 99 ரூபாய். அதில் உள்ள விளையாட்டுகளில் விளம்பரமும் இல்லை, உள்ளே காசு கேட்பதும் இல்லை. குடும்பத்தில் மேலும் ஐந்து பேருடன் பகிர்ந்துகொள்ளலாம். குறை என்னவென்றால், வகுப்பில் எல்லாரும் விளையாடும் அந்த ஒரு விளையாட்டு பட்டியலில் இருக்காது. தனித்தனி விளையாட்டுக்குள் ‘விளம்பரத்தை நீக்க’ என்று கேட்கும் தொகையைக் கட்டுவதானால் ஒன்றைக் கவனியுங்கள்: விளையாட்டுக்குள் வாங்குவது, வாங்கியதைக் குடும்பத்தோடு பகிரும் பிளே ஸ்டோரின் குடும்ப நூலகத்தில் பகிரப்படாது. அப்பாவின் கணக்கில் கட்டினால் பிள்ளையின் கணக்கில் விளம்பரம் வந்துகொண்டேதான் இருக்கும்.

ஆட்கார்ட் மாதிரி தடுப்புச் செயலிகள் நன்றாகவே வேலை செய்யும், எந்தச் செயலியில் தடுக்க வேண்டும், எதில் வேண்டாம் என்றும் பிரித்துச் சொல்லலாம். ஆனால் மற்ற செயலிகளின் விளம்பரத்தில் கைவைப்பவற்றைப் பிளே ஸ்டோர் அனுமதிப்பதில்லை. அதனால் முழுப் பதிப்பை அந்த நிறுவனத்தின் தளத்திலிருந்து இறக்க வேண்டும். அதற்கு, வெளியிலிருந்து செயலி நிறுவும் கதவைத் திறந்துவிட வேண்டும். குழந்தையின் டேப்பில் அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. போதாததற்கு, இவை விபிஎன் போல, அதாவது டேப்பின் இணையப் போக்குவரத்தைத் தன் வழியே அனுப்பிக்கொண்டு, பின்னணியில் ஓடிக்கொண்டே இருப்பவை. பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று டேப்பே சில நேரம் அதை நிறுத்திவிடும்.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும்தான்: பை-ஹோல், பிரைவேட் டிஎன்எஸ். இரண்டின் அடிப்படையும் ஒன்று. விளையாட்டு ஒரு விளம்பரத்தைக் காட்ட, முதலில் அந்த விளம்பர நிறுவனத்தின் சர்வர் எங்கே இருக்கிறது என்று பெயரைச் சொல்லி முகவரி கேட்கும். ஆட்மாப், யூனிட்டி ஆட்ஸ், ஆப்லவின் எல்லாவற்றுக்கும் இப்படித் தனிப் பெயர்கள் உண்டு. தடுப்புப் பட்டியலில் உள்ள பெயரைக் கேட்டால் ‘அப்படி ஒன்று இல்லை’ என்று டிஎன்எஸ் சொல்லிவிட்டால் விளம்பரம் வந்து சேராது. யூடியூப்பில் வீடியோவும் விளம்பரமும் ஒரே இடத்திலிருந்து வருவதால் இந்த வித்தை அங்கே பலிக்காது. ஒரு கம்பெனி தன் விளையாட்டுக்குள்ளேயே பொதிந்து வைத்திருக்கும் சொந்த விளம்பரமும் தப்பிவிடும்.

பை-ஹோல் என்பது ராஸ்பெரி பை மாதிரி ஒரு குட்டிக் கணினியை வீட்டு வைஃபையில் இணைத்து, மொத்த வீட்டுக்கும் தடுப்பு போடுவது. மென்பொருள் இலவசம். எது தடுக்கப்பட்டது என்று வரைபடத்தோடு காட்டும். இதில் கைதேர்ந்தவர்களுக்குப் பெரிய சந்தோஷம், மறுக்கவில்லை.

பிரைவேட் டிஎன்எஸ் 2018-ல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல் அமைப்புகளிலேயே இருக்கிறது. அங்கே ஒரு தடுப்புச் சேவையின் பெயரைத் தட்டச்சு செய்தால் முடிந்தது. ஆட்கார்ட் டிஎன்எஸ் தளத்தில் குடும்பத்துக்கென்று ஒரு முகவரி தருகிறார்கள். அது விளம்பரத்தோடு ஆபாசத் தளங்களையும் தடுக்கிறது. எண்களால் ஆன முகவரியை இந்தக் கட்டம் ஏற்காது, பெயராகத்தான் கொடுக்க வேண்டும். பலர் இங்கேதான் திணறுகிறார்கள்.

சரி, ஏன் இது? வைப்பது எல்லாமே சுலபம், கெட்டுப்போனால் யார் பார்ப்பது என்பதுதான் கேள்வி. பகலில் குழந்தையோடு இருப்பது என் அம்மா. “கண்ணு, இதுல நெட்டே வரலைங்கறா” என்று அலுவலகத்துக்கு ஃபோன் வந்தால், அவரை வைத்து நான் என்ன செய்ய முடியும்? பிரைவேட் டிஎன்எஸ் என்றால் அமைப்புகளுக்குப் போய், மேலே தேடுகிற இடத்தில் டிஎன்எஸ் என்று போட்டு, ‘தானியங்கு’ என்பதைத் தொடச் சொன்னால் போதும். விளம்பரம் திரும்ப வரும், இணையமும் வரும். மற்றதைச் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம். பை-ஹோல் படுத்துவிட்டால் டேப் மட்டுமா நிற்கும்? டிவி, எல்லார் ஃபோன், எதிலும் எந்தத் தளமும் திறக்காது. சரிசெய்ய ரவுட்டருக்குள் நுழைய வேண்டும். அது அம்மாவிடம் ஃபோனில் சொல்லிச் செய்ய வைக்கிற வேலை இல்லை. திடீர் மின்வெட்டில் அந்தக் குட்டிக் கணினியின் மெமரி கார்டு பழுதாவதும் அரிதல்ல. சில இணைய நிறுவனங்கள் தரும் ரவுட்டரில் டிஎன்எஸ்ஸை மாற்றவே வழியிருக்காது. போதாததற்கு, கோடை விடுமுறைக்கு டேப் ஊருக்குப் போனால் பை-ஹோல் கூடவே போகாது. பிரைவேட் டிஎன்எஸ் டேப்போடு போகும், மாமாவின் ஹாட்ஸ்பாட்டிலும் வேலை செய்யும்.

தொல்லையே இல்லை என்று சொல்லமாட்டேன். லாட்ஜ், ரயில் நிலையம் போன்ற இடங்களில் உள்நுழைவுப் பக்கம் கேட்கும் வைஃபையில் இது முரண்டு பிடிக்கும், தானியங்குக்கு மாற்றி உள்ளே போய்விட்டுத் திரும்பப் போட வேண்டும். ‘விளம்பரம் பார்த்தால் ஒரு உயிர்’ என்கிற பொத்தானும் இயங்காது. மகள் கொஞ்ச நாள் முணுமுணுத்தாள், அப்புறம் உயிர் தீர்ந்தால் வேறு விளையாட்டுக்குப் போய்விடுகிறாள். எனக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை. ஒன்பது, பத்து வயதானால் அவளே அமைப்புகளில் போய் இதை எடுத்துவிடக் கற்றுக்கொள்வாள். அப்போது வேறு யோசனை வேண்டும்.

தவறுதலாக ஏதாவது தளம் தடைபட்டால், ஆட்கார்டின் பொது முகவரியில் அதற்கு மட்டும் விலக்குத் தர முடியாது. அந்த வசதி வேண்டுமென்றால் நெக்ஸ்ட்டிஎன்எஸ் என்ற இதே மாதிரியான வேறொரு சேவையைப் பாருங்கள். மாதம் 3 லட்சம் கோரிக்கை (ஒரு பெயருக்கு முகவரி கேட்பது ஒரு கோரிக்கை) வரை இலவசம், தாண்டினால் இணையம் நிற்காது, தடுப்பு மட்டும் நின்றுவிடும். ஒரு டேப்புக்கு அது தாராளம் என்றே நினைக்கிறேன். வீட்டு ஃபோன்களையும் சேர்த்தால் எப்படி என்று நான் பார்த்ததில்லை. ஐபேடிலும் 2020-ல் வந்த பதிப்பிலிருந்து இதே வேலையை ஒரு புரொஃபைல் கோப்பு (அமைப்புகளை மாற்றித் தரும் கோப்பு) நிறுவிச் செய்யலாம். தங்கை வீட்டில் ஒருமுறை போட்டுக் கொடுத்ததுதான் அதில் என் அனுபவம், எனவே ஐபேட்காரர்கள் நீண்டநாள் வைத்திருப்பவர் யாரையாவது கேட்டுக்கொள்வது நல்லது.