ஆர்.எஃப். ஸ்விட்ச் மேட்ரிக்ஸ் வாங்குகிறீர்களா? டெமோவில் காட்டும் நேர்கோட்டை நம்பிப் பேலன்ஸ் கொடுக்காதீர்கள்

டெஸ்ட் பெஞ்சுக்கு ஸ்விட்ச் மேட்ரிக்ஸ் (ஆர்.எஃப்., அதாவது ரேடியோ அதிர்வெண் சிக்னலை வெவ்வேறு வழிகளுக்கு மாற்றிவிடும் பெட்டி) வாங்கப் போகிறவர்கள், அதிலும் 18 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் வேலை இருப்பவர்கள், பாக்கிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எங்கள் லேபில் நடந்த விஷயம். விவகாரம் இப்போது சமரசப் பேச்சில் இருப்பதால் சப்ளை செய்தவர் யார் என்று எழுதப் போவதில்லை. ஆனால் அவர்கள் கையாண்ட வழி எவரும் கையாளக்கூடிய வழிதான். அதை ஒளிக்காமல் சொல்கிறேன்.

நாங்கள் சென்னையில் சின்ன அளவில் மைக்ரோவேவ் ஃபில்டர்களும் எல்.என்.ஏ.க்களும் (இரைச்சல் குறைந்த ஆம்ப்ளிஃபையர்கள்) டெஸ்ட் செய்து கொடுக்கிறோம். இருப்பது ஒரே ஒரு நெட்வொர்க் அனலைசர், அதாவது ஒரு யூனிட் வழியாகச் சிக்னல் எவ்வளவு போகிறது, எவ்வளவு திரும்புகிறது என்று அளக்கும் கருவி. ஒவ்வொரு யூனிட்டையும் கழற்றிக் கழற்றி மாட்டினால் நேரமும் போகும், கனெக்டரும் தேயும். அதனால்தான் மேட்ரிக்ஸ். உள்ளே ஒரு காமன் போர்ட்டிலிருந்து ஆறு வழிகளாகப் பிரியும் கோஆக்சியல் ஸ்விட்சுகள் நான்கு. இன்புட் பக்கம் இரண்டு, அவுட்புட் பக்கம் இரண்டு. பன்னிரண்டு யூனிட்டுகளை ஒரே தடவையில் மாட்டிவிட்டு, அளக்கும் வேலையைச் சாஃப்ட்வேரிடம் விட்டுவிடலாம்.

கோட்டேஷனில் எழுதியிருந்தது தெளிவாகவே இருந்தது. புதிய ஸ்விட்சுகள், டிசி முதல் 26.5 கிகாஹெர்ட்ஸ் வரை, லாட்ச்சிங் வகை (மின்சாரம் நின்றாலும் கடைசி நிலையிலேயே நிற்பது), தேர்ந்தெடுக்காத போர்ட்டுகளுக்கு உள்ளேயே 50 ஓம் டெர்மினேஷன் (சிக்னலைத் திருப்பாமல் விழுங்கும் மின்தடை), எந்த வழி மூடியிருக்கிறது, அதாவது இணைந்திருக்கிறது, என்று திருப்பிச் சொல்லும் இண்டிகேட்டர், லேன் கன்ட்ரோல். இன்ஸ்டலேஷனும் டிரெய்னிங்கும் சேர்த்துத்தான் விலை. பாதிக்கு மேல் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டார்கள்.

இன்ஸ்டலேஷனுக்கு வந்த தம்பியிடம் டார்க் ரென்ச் இல்லை. இடுக்கி இருந்தது. எஸ்.எம்.ஏ. என்ற திருகு வகைக் கனெக்டரின் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நட்டை 0.9 நியூட்டன்-மீட்டர் அளவுக்கு முறுக்கினால் போதும், பித்தளை என்றால் 0.56. அதற்கென்றே 8 மி.மீ. டார்க் ரென்ச் கிடைக்கிறது, குறித்த அளவு வந்ததும் தானே மடிந்துவிடும். இவர் இடுக்கியால் பிடித்து, நட்டைத் திருப்புவதற்குப் பதில் கேபிளையே திருப்பினார். கேபிள் சுற்றும்போது அதன் நடுப்பின் எதிர்ப்பக்கத்துச் சாக்கெட்டின் விரல்களைத் தேய்த்துக்கொண்டே சுற்றும். "தம்பி, கேபிளைப் பிடிச்சுக்கிட்டு நட்டை மட்டும் திருப்புங்க" என்று எங்கள் டெக்னீஷியன் சொன்னதற்கு, "எல்லா இடத்துலயும் இப்படித்தாண்ணே போடுறோம்" என்று பதில் வந்தது. அனலைசர் போர்ட்டில் அதைக் காக்கும் சின்ன அடாப்டரான கனெக்டர் சேவர் மாட்டியிருந்ததால் அனலைசர் தப்பியது. சேவர் போய்விட்டது. உள்ளே இருந்த சின்ன விரல்களில் ஒன்று வெளிப்பக்கமாக விரிந்திருந்தது, லென்ஸ் வைத்துப் பார்த்தால் தெரியும்.

அப்புறம் டெமோ. முழு ஏமாற்றும் இதில்தான் இருக்கிறது, கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

அனலைசரின் இரண்டு கேபிள்களையும் மேட்ரிக்ஸின் இரண்டு முனைகளில் மாட்டினார். ஒரு வழியை மூடினார். டிரேஸ் (அளவீட்டுக் கோடு) வந்தது. அது என்ன அளவில் வந்தது என்று பார்ப்பதற்குள் டேட்டாவை மெமரிக்குத் தள்ளி, டேட்டாவை மெமரியால் வகுக்கும் பட்டனை அழுத்தினார். கோடு பூஜ்யம் டெசிபலில் தட்டையாக வந்து நின்றது. ஸ்கிரீன் படம் எடுத்துக்கொண்டார். அடுத்த வழிக்கும் அதே இரண்டு அழுத்தல், அதே படம். எல்லா வழிக்கும் இப்படியே. "பாருங்க சார், லைன் எப்படி நிக்குது! ரெஃபரன்ஸ் செட் பண்றேன், அவ்வளவுதான்" என்றார்.

அவர் செய்ததன் அர்த்தம் இதுதான்: ஒரு வழியில் எவ்வளவு இழப்பு இருந்தாலும், எந்த இடத்தில் பள்ளம் விழுந்தாலும், அதையே அளவுகோலாக எடுத்துக்கொண்டு அதை அதனாலேயே வகுத்துவிட்டார். எதை மாட்டியிருந்தாலும் பூஜ்யம்தான் வரும். துருப்பிடித்த கம்பியை மாட்டியிருந்தாலும் கிட்டத்தட்ட அப்படித்தான் வந்திருக்கும். அந்தப் படங்களைக் கோத்து, மேலே லெட்டர்ஹெட் போட்டு, இன்ஸ்டலேஷன் ரிப்போர்ட் என்று கொடுத்தார்கள். கையெழுத்தும் பேலன்ஸும் அன்றைக்கே வேண்டும் என்றார்கள், வாங்கிக்கொண்டும் போனார்கள்.

மின்சக்தி சேர்க்காத ஒரு பெட்டியில் இழப்பே இல்லாத வழி என்று ஒன்று கிடையாது. 3.58 மி.மீ. செமி-ரிஜிட் கேபிள் மட்டுமே 18 கிகாஹெர்ட்ஸில் மீட்டருக்குச் சுமார் 2 டெசிபல் தின்னும். அதோடு இரண்டு ஸ்விட்சுகளின் இழப்பு, கனெக்டர்களின் இழப்பு. ஒரு ரிப்போர்ட்டில் 20 கிகாஹெர்ட்ஸில் பூஜ்யம் டெசிபல் என்று இருந்தால், அந்த ரிப்போர்ட் மேட்ரிக்ஸைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்று அர்த்தம்.

கேயு-பேண்ட் அலைவரிசை வேலை நடக்கும்வரை பெரிதாக எதுவும் தெரியவில்லை. 10.7 முதல் 12.75 கிகாஹெர்ட்ஸ்தானே, ஓடிவிட்டது. அதற்கும் மேலே உள்ள கேஏ-பேண்ட் ஃபில்டர்கள் வந்தபோதுதான் வெளியே வந்தது. இப்போது இந்த பேண்டில் வேலை கூடிக்கொண்டே வருகிறது. 2024 நவம்பரில் போன ஜிசாட்-என்2 செயற்கைக்கோளின் 32 கற்றைகளும் கேஏ-பேண்ட்தான். இந்த பேண்டில் செயற்கைக்கோளிலிருந்து தரைக்கு வரும் டவுன்லிங்க் 17.7 கிகாஹெர்ட்ஸ் அருகில் தொடங்குகிறது. நல்ல ஃபில்டர்களிலெல்லாம் 19 கிகாஹெர்ட்ஸ் அருகில் கூர்மையாக ஒரு பள்ளம். ஃபில்டரை மாற்றினால் பள்ளம் நகரவில்லை. வழியை மாற்றினால் நகர்ந்தது.

கேபிள் முனைகளில் முறையாகக் கேலிபிரேட் செய்துவிட்டு (அனலைசரும் கேபிளும் சேர்க்கும் பிழையைக் கழித்துவிட்டு), மேட்ரிக்ஸை மட்டும் நடுவில் வைத்து அளந்தோம். 18 வரை ஒழுங்காக இறங்கிய கோடு அதற்கு மேல் கலைந்து போனது. மூடியைத் திறந்தோம். ஸ்விட்சுகளின் மேல் பளபளவென்று புது ஸ்டிக்கர், 26.5 என்று அச்சடித்தது. ஓரத்தில் நகத்தால் நெம்பியதும் உரிந்து வந்தது. கீழே தயாரிப்பாளரின் அசல் எழுத்து, பாதி சுரண்டப்பட்டிருந்தது. மாடல் எண்ணை வைத்து டேட்டாஷீட் பார்த்தால், 18 கிகாஹெர்ட்ஸ், டெர்மினேஷன் இல்லை. சீரியல் நம்பர்களைத் தயாரிப்பாளருக்கு அனுப்பிக் கேட்டோம். பல வருஷத்துக்கு முன்னால் வேறொரு நாட்டில் விற்ற சரக்கு என்று பதில் வந்தது. யாரோ கழித்துப் போட்ட பழைய ரேக்கிலிருந்து பிடுங்கிய ஸ்விட்சுகளைப் புதுசு என்று எங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

வெளியே தெரியும் கனெக்டரை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. எஸ்.எம்.ஏ. என்றால் பொதுவாக 18 கிகாஹெர்ட்ஸ் என்பார்கள், ஆனால் 26.5 வரை போகும் நல்ல ஸ்விட்சுகளும் எஸ்.எம்.ஏ. கனெக்டரோடு வருகின்றன. 3.5 மி.மீ., 2.92 மி.மீ. கனெக்டர்களும் எஸ்.எம்.ஏ.வோடு பொருந்திவிடும். ஆகவே மூடியைத் திறந்து மாடல் எண்ணைப் பார்ப்பது ஒன்றுதான் வழி. சீல் உடைந்தால் வாரன்டி போய்விடும் என்று பயமுறுத்துவார்கள். சீல் போடுவதற்கு முன் அவர்களையே திறந்து காட்டச் சொல்லுங்கள்.

டெர்மினேஷன் இல்லாததால் வந்த சேதம் இன்னும் கோபத்தைக் கிளப்புகிறது. எல்.என்.ஏ.க்களை வரிசையாக மாட்டி எல்லாவற்றுக்கும் பயஸ் (இயங்கத் தேவையான மின்சாரம்) கொடுத்து வைத்திருப்போம். அளக்காத எல்.என்.ஏ.யின் இரண்டு முனைகளும் 50 ஓமைப் பார்க்க வேண்டும். இங்கே திறந்த முனையைத்தான் பார்த்தன. சில ஆம்ப்ளிஃபையர்கள் அப்படி விட்டால் தாமாகவே ஆசிலேட் ஆகிவிடும், அதாவது உள்ளே எதுவும் வராமலே சிக்னல் கிளப்பும். அந்தச் சிக்னல் பக்கத்து வழியில் கசிந்து, நல்ல யூனிட்டைக் கெட்ட யூனிட் என்று காட்டியது. கஸ்டமருக்கு அவற்றை ரிஜெக்ட் என்று அனுப்பியும் விட்டோம். மறுபடி வரவழைத்து, மறுபடி அளந்து, மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. இதைச் சோதிப்பது ரொம்ப சுலபம்: தேர்ந்தெடுக்காத போர்ட்டில் அனலைசரை வைத்து ரிட்டர்ன் லாஸ் (திரும்பி வரும் சிக்னலின் அளவு) பாருங்கள். டெர்மினேஷன் இருந்தால் நன்றாக இறங்கி நிற்கும். இல்லாவிட்டால் போன சிக்னல் முழுக்க அப்படியே திரும்பி, பூஜ்யத்தை ஒட்டி நிற்கும்.

பவர் சப்ளையிலும் மிச்சம் பிடித்திருந்தார்கள். ஸ்விட்சை அசைக்கும் 24 வோல்ட் காயில் ஒன்று சுமார் 200 மில்லியாம்ப் இழுக்கும். எல்லா வழிகளையும் ஒரே சமயத்தில் திறக்க, அதாவது துண்டிக்கச் சொன்னால் நான்கு ஸ்விட்சுகளில் 24 காயில்கள், கிட்டத்தட்ட 5 ஆம்பியர். உள்ளே இருந்தது 1 ஆம்பியர் சப்ளை. வோல்டேஜ் சரிந்துவிடும், சில ஸ்விட்சுகள் அசையாது. லாட்ச்சிங் வகை என்பதால் பழைய நிலையிலேயே கிடக்கும். இண்டிகேட்டர் கம்பிகளை எங்கேயும் இணைக்கவே இல்லை. ஆகையால் சாஃப்ட்வேர் தான் அனுப்பிய கட்டளையையே திருப்பிப் படித்து, வழி மூடியாயிற்று என்று சொல்லிக்கொண்டிருந்தது.

புகார் கொடுத்ததும் வந்த பதிலைக் கேளுங்கள். "நீங்கள் ஆர்.எஃப். ஓடும்போதே ஸ்விட்சை மாற்றியிருக்கிறீர்கள், கான்டாக்ட் எரிந்துவிட்டது, வாரன்டியில் வராது." சிக்னல் ஓடும்போது மாற்றினால் கான்டாக்ட் கெடும் என்பது உண்மைதான். ஆனால் அது வாட் கணக்கில் பவர் இருக்கும் இடத்துப் பேச்சு. எங்கள் அனலைசர் ஓடியது 0 டிபிஎம்மில், அதாவது ஒரு மில்லிவாட். ஒரு மில்லிவாட்டால் எந்தக் கான்டாக்டும் எரியாது. கான்டாக்ட் எரிந்தால் ஸ்டிக்கர் மாறுமா, டெர்மினேஷன் காணாமல் போகுமா என்று எழுத்தில் கேட்டோம். அதற்குப் பதில் இல்லை.

உங்களுக்கும் இந்தப் பதில் வரலாம். அதனால் முதல் நாளே ஒவ்வொரு வழியையும் நூறு தடவை திறந்து மூடி, ஒவ்வொரு முறையும் இழப்பைப் பதிவு செய்து வையுங்கள். நல்ல புது ஸ்விட்சின் ரிப்பீட்டபிலிட்டி (முறைக்கு முறை இழப்பு மாறும் அளவு) 0.03 டெசிபல் அளவில் நிற்கும். எங்களுடையதில் சில வழிகள் அரை டெசிபல் வரை அலைந்தன. தேய்ந்த கான்டாக்டின் அடையாளம் அது. இந்தப் பதிவு கையில் இருந்தால் உங்கள் உபயோகத்தால் தேய்ந்தது என்று எவரும் சொல்ல முடியாது.

சட்டப் பக்கமும் கொஞ்சம். நுகர்வோர் நீதிமன்றம் போகலாம் என்று பலரும் சொன்னார்கள். வியாபார நோக்கத்துக்கு வாங்கிய பொருளை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வெளியே நிறுத்துகிறது. சுயதொழிலில் பிழைப்புக்காகத் தானே பயன்படுத்துகிறவருக்கு விலக்கு உண்டு, கம்பெனி பெயரில் வாங்கிய லேபுக்கு அது கஷ்டம். நமக்கு இருப்பது 1930 சரக்கு விற்பனைச் சட்டம். அதன் 42-வது பிரிவைக் கவனியுங்கள்: நியாயமான காலத்துக்குள் வேண்டாம் என்று தெரிவிக்காமல் பொருளை வைத்துக்கொண்டால் ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும். அப்புறம் நஷ்டஈடு கேட்கலாம், பொருளைத் திருப்புவது பெரும்பாடு. போனில் சண்டை போடுவதை விட்டுவிட்டு, குறை தெரிந்த அன்றே ஈமெயிலும் பதிவுத் தபாலும் அனுப்பிவிடுங்கள். தொகை 3 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ என்றால் வணிக நீதிமன்றம், அவசர உத்தரவு எதுவும் கேட்காவிட்டால் வழக்குக்கு முன் சமரசம் கட்டாயம். நாங்கள் இப்போது அந்தக் கட்டத்தில் இருக்கிறோம்.

புது ஆர்டர் போடுகிறவர்கள் பி.ஓ.விலேயே (பர்சேஸ் ஆர்டர்) எழுதிவிடுங்கள்: ஸ்விட்சின் தயாரிப்பாளர் பெயர், முழு மாடல் எண், தயாரிப்பாளர் கொடுத்த சான்றிதழில் உள்ள அதே சீரியல் நம்பர், மூடி திறந்த நிலையில் சரிபார்ப்பு. அளவீடு உங்கள் கேலிபிரேஷனில், உங்கள் ஆள் கையால். நார்மலைஸ் செய்த, அதாவது மெமரியால் வகுத்த டிரேஸ் செல்லாது என்று தனி வரியாக வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகுதான் கடைசித் தவணை. நேர்மையான சப்ளையர் ஒருவரிடம் இதே வரிகளை அனுப்பினோம். மறுப்பேதும் சொல்லாமல் ஒப்புக்கொண்டார்.

பழைய சப்ளையர் இதுவரை சொல்லியிருப்பது, இரண்டு ஸ்விட்சுகளை மட்டும் மாற்றித் தருகிறேன் என்பது. நான்கையும் சான்றிதழோடு மாற்ற வேண்டும், பவர் சப்ளையும் இண்டிகேட்டரும் கோட்டேஷனில் எழுதியபடி வர வேண்டும், இல்லையென்றால் முழுப் பணத்தையும் திருப்ப வேண்டும் என்று எழுத்தில் கொடுத்திருக்கிறோம். உரித்த ஸ்டிக்கர்களும் அந்த இன்ஸ்டலேஷன் ரிப்போர்ட்டும் வக்கீலிடம் இருக்கின்றன.