செக்‌ஷன் 20 கடிதத்தைப் பார்த்ததும் பணம் கட்டிவிடாதீர்கள்: லீஸ் பிளாட் வைத்திருப்போருக்கு எச்சரிக்கை

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் லீஸ் பிளாட் (நீண்ட காலக் குத்தகை வீடு) வாங்கும் நம்மவர்கள் திரும்பத் திரும்ப ஏமாறும் இடம் ஒன்று உண்டு. "கூரையும் வெளிச்சுவரும் கட்டட உரிமையாளரான ப்ரீஹோல்டருடையது, பழுதானால் அவர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லியே விற்றுவிடுகிறார்கள். இது பாதி உண்மை. வேலையைச் செய்விப்பது அவர் பொறுப்பு, செலவு பெரும்பாலும் உங்கள் தலையில்தான். லீஸில் உங்கள் பங்கு 12-இல் ஒன்று என்றிருந்தால், 96,000 பவுண்டு கூரைக்கு நீங்கள் கட்ட வேண்டியது 8,000 பவுண்டு. கீழ்த்தளத்தில் இருக்கிறேன், கூரையால் எனக்கென்ன என்று வாதிட்டால் எடுபடாது.

ஆனால் அவர் கேட்டதையெல்லாம் கொடுக்க வேண்டும் என்றும் இல்லை. முதலில் லீஸை எடுத்துப் படியுங்கள். ஜன்னல் சட்டகம் யாருடையது, பால்கனி யாருடையது, 'பழுதுபார்த்தல்' மட்டுமா, 'மேம்படுத்தல்' செலவையும் வசூலிக்கலாமா என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். லீஸ் அனுமதிக்காத செலவை யாரும் வசூலிக்க முடியாது.

அடுத்தது 1985-ஆம் ஆண்டு லேண்ட்லார்ட் அண்ட் டெனன்ட் சட்டத்தின் 20-ஆம் பிரிவு, அதாவது தலைப்பில் சொன்ன செக்‌ஷன் 20. ஒரே வேலைக்கு ஏதாவது ஒரு பிளாட்டின் பங்கு 250 பவுண்டைத் தாண்டினால் ப்ரீஹோல்டர் உங்களோடு முன்கூட்டியே கடிதம் மூலம் கலந்தாலோசிக்க வேண்டும். முதல் கடிதம் என்ன வேலை, ஏன் என்று சொல்லும். கருத்துச் சொல்லவும் வேறு ஒப்பந்தக்காரரின் பெயரைக் கொடுக்கவும் 30 நாள் உண்டு. இந்த 30 நாளைத்தான் பலர் வீணாக்குகிறார்கள். இரண்டாவது கடிதத்தில் குறைந்தது இரண்டு எஸ்டிமேட், அவற்றில் ஒன்றாவது ப்ரீஹோல்டருக்குத் தொடர்பே இல்லாதவருடையது. மறுபடி 30 நாள். குறைந்த விலைக்காரரையோ நீங்கள் சொன்ன ஆளையோ விட்டு வேறொருவரைப் பிடித்தால், ஒப்பந்தம் போட்ட 21 நாளுக்குள் காரணம் எழுதித்தர வேண்டும். இதில் ஏதாவது தவறினால் ஒரு பிளாட்டுக்கு 250 பவுண்டுக்குமேல் வசூலிக்க முடியாது. ஆனால் இதை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். இத்தகைய வழக்குகளை விசாரிக்கும் ட்ரிப்யூனல் (தீர்ப்பாயம்) ப்ரீஹோல்டருக்கு இந்த முறையிலிருந்து விலக்கு கொடுக்கலாம். 2013-இல் டேஜன் எதிர் பென்சன் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னபடி, முறை தவறியதால் உங்களுக்கு உண்மையில் என்ன நஷ்டம் என்பதே கேள்வி. அதனால் முதல் கடிதத்துக்கே எழுத்தில் பதில் போட்டு, நகலை வைத்திருங்கள்.

எஸ்டிமேட்டில்தான் உண்மையான ஏமாற்று ஒளிந்திருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் 20 சதவீத வாட் வரி சேர்ந்திருக்கும், மற்றதில் இருக்காது. 'புரொவிஷனல் சம்' என்ற பெயரில் அளவே குறிப்பிடாத தொகை நிற்கும்: எத்தனை சதுர மீட்டர் ஈயத்தகடு, எத்தனை மீட்டர் மழைநீர்க் கட்டர் என்று கேளுங்கள். சாரத்துக்கு எத்தனை வார வாடகை, நாள் நீண்டால் யார் கொடுப்பது என்றும் கேளுங்கள். சர்வேயர் கட்டணமும், ப்ரீஹோல்டருக்காகக் கட்டடத்தை நிர்வகிக்கும் மேனேஜிங் ஏஜென்டின் மேற்பார்வைக் கட்டணமும் கடைசிப் பக்கத்தில் தனியாக வரும். 'தொடர்பில்லாத' கம்பெனியின் டைரக்டர்கள் யார் என்பதை, கம்பெனிகளைப் பதிவுசெய்யும் கம்பெனீஸ் ஹவுஸ் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அதே பெயர்கள் ப்ரீஹோல்டர் கம்பெனியிலும் இருந்தால் உடனே எழுதிக் கேளுங்கள். பழுதைப் பல ஆண்டு கவனிக்காமல் விட்டதால் செலவு பெருகியிருந்தால், அந்தக் கூடுதலைக் கழிக்கச் சொல்லி வாதிடலாம். அதற்கு நீங்கள் அனுப்பிய பழைய புகார் மின்னஞ்சல்களும் ஈரக்கறைப் படங்களும் தேவை.

பில் வந்ததும் தேதியைப் பாருங்கள். செலவாகி 18 மாதம் கழிந்து கேட்டால், இடையில் எழுத்தில் அறிவித்திருந்தாலன்றி வசூலிக்க முடியாது. பில்லோடு உங்கள் உரிமைகள் பற்றிய தாள் இணைந்திருக்க வேண்டும். ப்ரீஹோல்டரின் பெயரும் முகவரியும் பில்லில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அவை வரும்வரை பணத்தை நிறுத்திவைக்கலாம்.

கோபத்தில் ஒரேயடியாகக் கட்டாமல் விடுவது ஆபத்து. உங்களுக்கு வீட்டுக்கடன் கொடுத்த வங்கியை ப்ரீஹோல்டர் மிரட்டினால் அது கட்டிவிட்டு உங்கள் கடனில் ஏற்றிவிடும். 'எதிர்ப்புடன் செலுத்துகிறேன்' என்று எழுதிக் கட்டுங்கள். கட்டியதாலேயே தொகையை ஒப்புக்கொண்டதாக ஆகாது, அதே 1985 சட்டத்தின் 27ஏ பிரிவின்கீழ் ட்ரிப்யூனலில் பிறகும் கேட்கலாம். அந்த விண்ணப்பத்தோடு 20சி விண்ணப்பத்தையும் சேர்த்துப் போடுங்கள். மறந்தால் ப்ரீஹோல்டரின் வக்கீல் செலவு அடுத்த சர்வீஸ் சார்ஜில் (கட்டடப் பொதுச் செலவுக் கட்டணத்தில்) உங்களிடமே வந்து நிற்கும்.

கவுன்சில் பிளாட்டை ரைட் டு பை முறையில் (வாடகைக்கு இருப்பவரே வாங்கும் உரிமை) வாங்கியவர்கள், முதல் 5 ஆண்டில் வரும் பில்லை, 1985 ஹவுசிங் சட்டத்தின் 125-ஆம் பிரிவின்கீழ் கவுன்சில் கொடுத்த விற்பனைக் கடிதத்தில் இருந்த மதிப்பீட்டோடு ஒப்பிடுங்கள். பழுதுக்கு அங்கே காட்டிய மதிப்பீட்டையும் விலைவாசி உயர்வையும் தாண்டிக் கேட்க முடியாது.

இப்போது வாங்கப் போகிறவர்களுக்கு: லீஸ் விவரங்களை ப்ரீஹோல்டர் தரப்பு நிரப்பித்தரும் எல்பிஇ1 படிவத்தில் அடுத்த 2 ஆண்டில் செக்‌ஷன் 20 வேலை உண்டா என்ற கேள்விக்கான பதிலை நீங்களே படியுங்கள். 'உண்டு' என்றால், உங்கள் பங்கின் அளவுக்கு விற்பவரின் பணத்தில் ஒரு தொகையை அவருடைய சொலிசிட்டர் பிடித்துவைக்க, எந்த வேலைக்கு, எந்தத் தேதிவரை என்று எழுதி, கான்ட்ராக்ட் எக்ஸ்சேஞ்சுக்கு முன்பே ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும். சாவி கைக்கு வந்தபின் வரும் பில்லுக்கு ப்ரீஹோல்டர் தேடி வருவது உங்களைத்தான்.