மேடையில் சொல்வதா, நூலையே திருத்துவதா?

வெளிவந்துவிட்ட கதையில் எழுத்தாளர் பிறகு எதையாவது சேர்க்கவோ மாற்றவோ நினைத்தால் என்ன செய்யலாம்? ஹாரி பாட்டர் கடைசிப் புத்தகம் 2007 ஜூலையில் வந்தது. அக்டோபரில் நியூயார்க் கார்னகி அரங்கில் வாசகர் ஒருவர் கேட்க, கதையில் வரும் பள்ளித் தலைமையாசிரியர் டம்பிள்டோர் தன்பாலின ஈர்ப்பாளர் என்றார் அதை எழுதிய ரௌலிங். அரங்கம் கைதட்டியது. ஏழு புத்தகங்களிலும் அதை வெளிப்படையாகச் சொல்லும் வரி ஒன்றுகூடக் கிடையாது. பிறகு இணையதளத்தில் ஒட்டியவை ஏராளம். குழாய் வசதி வருமுன் மந்திரவாதிகள் நின்ற இடத்திலேயே மலம் கழித்து மந்திரத்தால் மறைத்தார்கள் என்பது வரை. (இதை யார் கேட்டார்கள்?)

டோல்கீன் நூலிலேயே கைவைத்தார். 1937இல் வந்த அவருடைய 'ஹாபிட்' நாவலில், விடுகதைப் போட்டியில் தோற்றால் தன் மோதிரத்தைப் பரிசாகத் தருவதாக, குகையில் வாழும் கோலம் கதாநாயகன் பில்போவிடம் ஒப்புக்கொள்கிறான். அது காணாமல் போனதும் மன்னிப்புக் கேட்டு, வெளியேற வழி காட்டுகிறான். அடுத்த கதையான 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்'ஸில் அதே மோதிரம் ஆளையே விழுங்கும் பொருளாகிவிட, இந்த மரியாதையெல்லாம் ஒட்டவில்லை. 1951 பதிப்பில் ஐந்தாம் அத்தியாயத்தை மாற்றினார். இப்போது கோலம், மோதிரத்தை எடுத்துக்கொண்ட பில்போவைத் "திருடன்!" என்று அலறுகிறான். பழைய வடிவமும் வீணாகவில்லை: அது பில்போ அவிழ்த்துவிட்ட பொய்யாம்!

என் ஓட்டு டோல்கீனுக்கே. ரௌலிங் மேடையில் சொன்னதை அறியாமலே ஏழு புத்தகங்களையும் முடித்துவிடலாம். பில்போவின் பொய்யோ கதைக்குள்ளேயே வேலை செய்கிறது. மந்திரவாதி காண்டால்ஃபுக்கு மோதிரத்தின் மேல் சந்தேகம் தட்டுவதே அதனால்தான்.