ஸ்டார்கேட் யுனிவர்ஸ்: பல ஆண்டுகள் பார்த்துப் பழகிய பின்

2009 அக்டோபர் 2 அன்று அமெரிக்காவின் சைஃபை அலைவரிசையில் தொடங்கி, பருவத்துக்கு இருபது பகுதிகளாக இரண்டே பருவங்கள் ஓடி, 2011 மே மாதத்தில் முடிந்துபோன 'ஸ்டார்கேட் யுனிவர்ஸ்' தொடரின் டிவிடி தொகுப்பை, காரைக்குடியிலும் சுற்றூர்களிலும் அறிவியல் புனைவில் ஈடுபாடு கொண்ட நாங்கள் சிலர் நீண்ட காலமாகக் கைமாற்றிப் பார்த்து வருகிறோம். ஒரு முறை பார்த்து வைத்துவிட்டவர்களின் கருத்தும், சில ஆண்டுகள் இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் பார்த்தவர்களின் கருத்தும் இந்தத் தொடரைப் பொறுத்தவரை பெரிதும் வேறுபடுகின்றன. முதல் முறை பார்ப்பவர்கள் 'இருட்டாக இருக்கிறது, நகரவே இல்லை, யாரையும் பிடிக்கவில்லை' என்கிறார்கள். அந்த இருட்டு எங்கிருந்து வருகிறது என்று பொறுமையாகக் கவனித்தவர்கள், தாய்த்தொடர்களைவிட இதையே அதிகமாக மதிக்கிறார்கள். நான் இந்த இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்தவன். ஆனாலும் முதல் கூட்டத்தின் குறைகளில் சில இன்றும் நிற்கின்றன என்பதை மறைக்க மாட்டேன்.

எதிர்பார்ப்பு எங்கே பிசகியது என்பதை முதலில் சொல்ல வேண்டும். 'ஸ்டார்கேட் எஸ்ஜி-1' 1997 முதல் 2007 வரை பத்துப் பருவங்கள், 214 பகுதிகள் ஓடியது; அதன் கிளைத் தொடரான 'அட்லாண்டிஸ்' 100 பகுதிகள் வந்தது. அவற்றில் வாரம் ஒரு கோள், அங்கே ஒரு சிக்கல், நால்வர் குழுவின் துணிச்சல், இடையிடையே கேலிப் பேச்சு, முடிவில் வீடு திரும்புதல் என்ற அமைப்பு உறுதியாக இருந்தது. அந்த அமைப்பை நேசித்தவர்கள் புதிய தொடரிலும் அதையே தேடினார்கள். இதை உருவாக்கிய பிராட் ரைட்டும் ராபர்ட் சி. கூப்பரும் பழைய தொடர்களைக் கட்டியெழுப்பியவர்களே. ஆகவே இந்த மாற்றத்தை அவர்கள் தெரிந்தேதான் செய்தார்கள். வீடு திரும்பும் வழியை அடைத்துவிட்டால் அதே உலகத்தின் மனிதர்கள் என்ன ஆவார்கள் என்ற ஒரே கேள்வியைத்தான் நாற்பது பகுதிகளிலும் கேட்டிருக்கிறார்கள்.

கதைக்களம் எளிமையானது. இக்காரஸ் என்னும் தளம் தாக்கப்படுகிறது. அங்கிருந்தோர் உயிர் தப்ப, ஒரு கோளிலிருந்து இன்னொரு கோளுக்கு நொடியில் கொண்டுசேர்க்கும் 'ஸ்டார்கேட்' என்ற விண்வாயிலுக்குள் நுழைகிறார்கள். பூமிக்குப் போகாமல், அதுவரை யாரும் திறந்திராத ஒன்பது குறியீடுகள் கொண்ட முகவரியை அறிவியலாளர் டாக்டர் நிக்கோலஸ் ரஷ் இயக்கிவிடுவதால், பல நூறு கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால், பழம்பெரும் இனத்தார் ஆளில்லாமல் அனுப்பிவைத்த 'டெஸ்டினி' என்ற கப்பலில் வந்து விழுகிறார்கள். ஏறத்தாழ எண்பது பேர். இந்தப் பயணத்துக்கென்று தேர்ந்தெடுக்கப்பட்டவர் அவர்களில் ஒருவருமில்லை. காயம்பட்ட கர்னல், மருத்துவராகப் பட்டம் பெறாத மருத்துவப் பணியாளர், அரசியல்வாதியின் மகள், மனிதவள அதிகாரி, கணினி விளையாட்டில் ஒளித்து வைத்த கணக்கைத் தீர்த்துவிட்டதால் அழைத்துவரப்பட்ட இளைஞன் ஈலை வாலஸ் என்று, அவசரத்தில் கையில் கிடைத்த பெட்டியோடு ஏறியவர்கள். தொடரின் இருட்டுக்கு முதல் காரணம் இதுதான் என்று நான் கருதுகிறேன். இவர்களுக்கு வந்த வேலை எதற்கும் இவர்கள் தகுதி பெற்றிருக்கவில்லை. வேலையை விட்டுப் போகவும் முடியவில்லை.

'காற்று' என்று பொருள்படும் தலைப்பில் வரும் முதல் மூன்று பகுதிகளைச் செட்டிநாட்டில் வளர்ந்தவர்கள் தனி ஈடுபாட்டோடு பார்ப்பதைக் கவனித்திருக்கிறேன். கப்பலின் காற்றுச் சுத்திகரிப்பான் பழுதாகிக் கரியமில வாயு பெருகுகிறது. அதைச் சரிசெய்யச் சுண்ணாம்பு வேண்டும். ஒரு பாலைக் கோளின் வறண்ட ஏரிப் படுகையில் அதைத் தேடி அலைகிறார்கள். எங்கள் வீட்டுச் சுவர்களின் கதையும் இதே வேதியியல்தான். சுட்டு நீற்றிய சுண்ணாம்பைக் கடுக்காய் நீரும் முட்டையின் வெள்ளைக் கருவும் சேர்த்து அரைத்துப் பூசினால், அது காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு மெல்ல மெல்லக் கல்லாக இறுகுகிறது. காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஐயா ஒருவர் இந்தப் பகுதிகளை எங்களோடு பார்த்துவிட்டு, மண்ணோடு கிடக்கும் சுண்ணாம்பு கால்சியம் கார்பனேட் என்றும், காளவாசலில் சுட்டு நீற்றினால் ஒழிய அது வாயுவை உறிஞ்சாது என்றும், அந்தக் கட்டத்தைத் தொடர் விழுங்கிவிட்டது என்றும் சொன்னார். அவர் சொன்னது சரி. ஆனால் விண்வெளிக் கதையின் தொடக்கப் பகுதிகள் முழுவதையும் மூச்சு விடுவது எப்படி என்ற கேள்வியிலேயே நிறுத்தும் துணிவு தமக்குப் பிடித்திருந்ததாகவும் அவரே சொன்னார். காற்று கசியும் சிறு ஓடத்தின் கதவை உள்ளிருந்துதான் மூட முடியும் என்று தெரிந்ததும், ஏற்கெனவே உடல் நொந்திருக்கும் செனட்டர் ஆம்ஸ்ட்ராங் தாமே உள்ளே போய் மூடிக்கொள்வது இந்தக் கேள்வியின் தொடர்ச்சிதான். அந்த மரணத்துக்கு வீர வசனம் எதுவும் கிடையாது. கணக்குப்படி ஒருவர் குறைய வேண்டியிருந்தது.

பிறகு வெளிச்சம் போகிறது, அடுத்து தண்ணீர் குறைகிறது. கல்லூரி மாணவர்கள் சிலர் நான்காம் பகுதியோடு நிறுத்திவிட்டதாக என்னிடம் சொன்னார்கள். வேற்றுக் கோளும் போரும் எதிர்பார்த்தவர்களுக்கு மின்கலன் தீர்ந்துபோவதை ஒரு முழுப் பகுதி காட்டுவது அலுப்பைத் தருவது இயல்பே. ஆனால் அதை அடுத்து வரும் பகுதியில், கப்பல் ஒரு விண்மீனுக்குள் நேராகப் பாய்வதும், சிறு ஓடத்தில் தப்பிப் போகச் சிலருக்கே இடம் உண்டு என்பதால் குலுக்கல் நடப்பதும், இடம் கிடைக்காதவர்கள் எஞ்சிய நேரத்தை அவரவர் வழியில் கழிப்பதும், கடைசியில் அந்த விண்மீனிடமிருந்தே கப்பல் ஆற்றலை நிரப்பிக்கொள்கிறது என்று தெரிய வருவதும் அந்த மெதுவான பகுதி இல்லாமல் எடுபடாது. இருட்டில் உட்கார வைத்துவிட்டுத்தான் ஒளியைக் காட்டியிருக்கிறார்கள்.

நீண்ட காலப் பழக்கத்தில் மதிப்பு கூடிக்கொண்டே போவது ரஷ்ஷுக்கும் கர்னல் யங்குக்கும் இடையிலான பகைதான். ராபர்ட் கார்லைலும் லூயி ஃபெரேராவும் இந்த இரு பாத்திரங்களை ஏற்றிருக்கிறார்கள். முதல் பருவத்தின் பத்தாம் பகுதியில், தற்கொலை செய்துகொண்ட ஒரு வீரனின் துப்பாக்கியை ரஷ் எடுத்து யங்கின் அறையில் ஒளித்து, அவரைக் கொலைகாரராகக் காட்டித் தலைமையிலிருந்து இறக்கப் பார்க்கிறார். ஈலை 'கினோ' என்று பெயரிட்ட பறக்கும் ஒளிப்பதிவுக் கருவியின் பதிவால் உண்மை வெளிப்படுகிறது. யங் அதைச் சபையில் சொல்லி நீதி கேட்கவில்லை. ஒரு வறண்ட கோளில் இருவரும் தனியாக இருக்கும்போது ரஷ்ஷை அடித்து வீழ்த்தி, அங்கேயே விட்டுவிட்டு வந்து, பாறை சரிந்து விபத்து நேர்ந்ததாகச் சொல்கிறார். கதாநாயகன் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தவர் ஒரு மனிதனைச் சாகட்டும் என்று விட்டுவந்த பிறகு, அவர் கொடுக்கும் ஒவ்வொரு கட்டளையையும் சந்தேகத்தோடுதான் கேட்க வேண்டியிருக்கிறது. பின்னால் பொதுமக்கள் தரப்பு ராணுவத்துக்கு எதிராகக் கலகம் செய்யும்போது யார் பக்கம் நிற்பது என்று எங்கள் வட்டத்தில் ஒவ்வொரு முறையும் வாக்குவாதம் மூள்கிறது. வயதில் இளையவர்கள் பெரும்பாலும் ரஷ்ஷின் அறிவுக்கும் நோக்கத்துக்கும் பரிந்து பேசுகிறார்கள். குடும்பப் பொறுப்பைச் சுமந்தவர்கள், தவறே செய்தாலும் எல்லாரையும் உயிரோடு வைத்திருக்க நினைப்பவர் யங் என்கிறார்கள். என்னைக் கேட்டால், இருவரையும் ஒருவருக்கொருவர் தண்டனையாக அமைத்திருப்பதுதான் இத்தொடரின் ஆகச் சிறந்த எழுத்து.

அதன் உச்சம் இரண்டாம் பருவத்தின் தொடக்கத்தில் வருகிறது. ரஷ் கப்பலின் தலைமைக் கட்டுப்பாட்டு அறையைக் கண்டுபிடித்து, யாரிடமும் சொல்லாமல் தானே அதை இயக்குகிறார். அவர் எடுத்த முடிவின் விளைவாகச் சிறு ஓடம் விழுந்து நொறுங்க, ரைலி என்ற இளம் வீரன் இடிபாட்டில் சிக்கிக்கொள்கிறான். மீட்க வழியில்லை. வலியில் துடிக்கும் அவனை யங் தம் கையாலேயே மூச்சை அடக்கி விடுவிக்கிறார். ரகசியத்தைக் காத்தவன் ஒருவன், கொன்றவன் இன்னொருவன், பழி யாருடையது என்பதை எந்தப் பாத்திரமும் எடுத்துச் சொல்லவில்லை. இதைப் பார்த்துவிட்டு, இதன் பிறகு தொடரவே மனம் வரவில்லை என்று சொன்ன நண்பர் ஒருவர் உண்டு. அவரை நான் வற்புறுத்தவில்லை. சிலருக்கு இது தாங்காது என்பதை மதிக்க வேண்டும்.

தொடர்புக் கற்களைப் பற்றிய கருத்துகள் இங்கே வேறு ஊர்களில் இல்லாத அழுத்தத்தோடு வருகின்றன என்று எண்ணுகிறேன். அந்தக் கற்களின் வழியே கப்பலில் இருப்பவர் பூமியில் இன்னொருவர் உடலுக்குள் சிறிது நேரம் புகுந்து, தம் வீட்டாரைப் பார்த்து வரலாம். மனிதவள அதிகாரி கமீல் ரே தன் துணைவி ஷாரனைப் பார்க்கப் போகிறாள். வந்திருப்பது யார் என்று ஷாரனுக்குத் தெரியும், ஆனால் கண்ணெதிரே நிற்பது வேறொரு முகம். பிழைப்புக்காக ஒருவர் கடல் கடந்து போவதும் மற்றவர் வீட்டைக் காப்பதும் தலைமுறைகளாக நடந்துவரும் நாட்டில் இந்தக் காட்சிகள் ஆழமாகத் தைக்கின்றன. கணவர் மலேசியாவில் வேலையாக இருக்கும் பள்ளத்தூர் ஆச்சி ஒருவர், "தினம் வீடியோவில பேசறோம், பாக்கறோம். ஆனா அது வந்துட்டுப் போனதாகாதுல்ல" என்று சொல்லி, இந்த ஒரு கதைக்காகவே தொடரை முழுதும் பார்த்தார். பொழுதுபோக்குக் கதையில் பிரிவின் இந்த நுட்பத்தை எழுதியவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

ஆனால் பெரிய குறையும் அங்கேயேதான் இருக்கிறது. கடன் வாங்கிய உடலை என்னென்ன செய்யலாம் என்ற ஒழுக்கக் கேள்வியைத் தொடர் போதிய அளவு எழுப்பவில்லை. உடலைக் கொடுத்தவரின் ஒப்புதல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கேட்காமலே நெருக்கமான காட்சிகளை அமைத்திருப்பது, மறுபடி பார்க்கும்போது முன்னைவிட அதிகமாக உறுத்துகிறது. முதல் பருவத்தின் முற்பாதியில் இளம் ராணுவ அதிகாரி ஸ்காட்டுக்கும் செனட்டரின் மகள் குளோயிக்கும் இடையிலான காதல் அவசரமாக ஒட்டவைத்ததாகவே இன்றும் தெரிகிறது. குளோயி தனி மனுஷியாக உருப்பெறுவது அவள் உடல் வேற்றினத்தாரால் மாற்றமடையத் தொடங்கிய பிறகே. இரு பருவங்களும் சந்திக்கும் இடத்தில், பூமிக்கு எதிரான கடத்தல் கும்பலான லூசியன் கூட்டணியின் படையெடுப்பில் வரும் துப்பாக்கிச் சண்டைகள், பழைய ரசிகர்களைத் திருப்திப்படுத்தச் சேர்த்தவை போல எனக்குத் தோன்றுகின்றன. அங்கேதான் தொடர் தன் குரலைச் சற்றே இழக்கிறது.

இரண்டாம் பருவத்தின் மற்ற பகுதிகள் முதற்பருவத்தைவிட உறுதியானவை. பிரபஞ்சத்தின் பின்புலக் கதிர்வீச்சில் இயற்கையாக அமைந்திருக்க முடியாத ஓர் ஒழுங்கு இருக்கிறது என்பதும், அதன் மூலத்தைத் தேடித்தான் டெஸ்டினி புறப்பட்டது என்பதும் தெரிந்ததும், ரஷ்ஷின் பிடிவாதத்துக்குப் புதிய பொருள் கிடைக்கிறது. கையில் ஏந்திய ஒளிப்பதிவின் நடுக்கமும் ஜோயல் கோல்ட்ஸ்மித்தின் அடங்கிய இசையும் இந்தப் பகுதிகளில் நன்றாகப் பொருந்தியிருக்கின்றன.

முடிவைப் பற்றித்தான் மனத்தாங்கல் அதிகம். வெள்ளிக்கிழமை வந்துகொண்டிருந்த தொடரை இரண்டாம் பருவத்தில் செவ்வாய்க்கிழமைக்கு மாற்றினார்கள். 2010 டிசம்பரில், இனி அடுத்த பருவம் இல்லை என்று அலைவரிசை அறிவித்தது. கடைசிப் பகுதியில், எதிரிகள் சூழ்ந்த விண்மீன் திரளைக் கடக்க எல்லாரும் மூன்றாண்டு உறக்கத்துக்குப் போகிறார்கள். உறக்கப் பேழை ஒன்று குறைகிறது. அதைப் பழுது பார்க்க இரண்டு வாரம் இருக்கிறது என்று சொல்லி ஈலை மட்டும் விழித்திருக்கிறான். அவன் பிழைத்தானா என்று தெரியாது. பாதியில் அறுத்த கதை என்று பலர் இதை ஒதுக்குகிறார்கள். அவர்கள் கோபம் நியாயமானது. எனினும் கணினி விளையாட்டோடு அறையில் அடைந்து கிடந்த பையன், ரஷ்ஷும் யங்கும் முன்னிற்கும் இடத்தில் 'நான் இருக்கிறேன்' என்று பொறுப்பை வாங்கிக்கொள்ளும் வரை அந்தப் பாத்திரத்தின் கதை முழுமையாகவே சொல்லப்பட்டிருக்கிறது. கப்பலின் பயணம் முடியவில்லை, மனிதர்களின் கதை பெரும்பாலும் முடிந்துவிட்டது என்பது என் கணிப்பு.

புதிதாகத் தொடங்குபவர்கள் 'காற்று' மூன்று பகுதிகளையும் ஒரே மூச்சில் பார்த்துவிட்டு, பத்தாம் பகுதி வரையாவது முடிவு சொல்லாமல் இருக்க வேண்டும். அங்கே யங் செய்த செயலைப் பார்த்த பிறகும் ஈடுபாடு வரவில்லையென்றால் நிறுத்திவிடலாம். பகுதிகளை இடையில் தாவிப் பார்க்க வேண்டாம். பழைய ஸ்டார்கேட் தொடர்களைப் பார்த்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. லூசியன் கூட்டணி என்பது பூமிக்கு எதிரான கடத்தல் கும்பல் என்ற ஒரு செய்தி தெரிந்திருந்தால் போதும். வீட்டில் சிறுபிள்ளைகள் இருந்தால் அவர்கள் உறங்கிய பிறகு பார்ப்பது நல்லது.