கல்லுக்கும் தங்க விலை வாங்கிய நகைக்கடை: ஒரு நேரிய சமன்பாடு காட்டிக்கொடுத்த கணக்கு

2024 சித்திரைக் கடைசியில், மகளின் வைகாசித் திருமணத்துக்காக, எங்கள் மாவட்டத் தலைநகரில் உள்ள ஒரு பெரிய நகைக்கடையில் மூன்று உருப்படிகள் வாங்கினோம். 16 கிராமில் ஒரு சங்கிலி, மாப்பிள்ளைக்கு 4 கிராமில் ஒரு மோதிரம், சிவப்பும் பச்சையுமாகக் கல் பதித்த 24 கிராம் அட்டிகை. வரியோடு ஏறத்தாழ மூன்றரை லட்சம் ரூபாய் ஆயிற்று. அதில் சுமார் 27,000 ரூபாய் நாங்கள் கொடுத்திருக்கவே வேண்டாத பணம் என்பது அன்றிரவு தெரிந்தது. புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. ஆனால் கல் நகை வாங்கப் போகிற யாருக்கும் இது நேரலாம் என்பதால், நடந்ததையும் நான் போட்ட கணக்கையும் முழுமையாக எழுதுகிறேன்.

அன்று 22 காரட் தங்கம் கிராம் 6,600 ரூபாய். விற்பனையாளர் மிகுந்த பணிவோடு பேசினார். "எல்லாத்துக்கும் ஒரே சேதாரம் தாங்க அக்கா, பன்னிரண்டு சதவீதம். செய்கூலி கிடையாது" என்று அவர் சொன்னதை நானும் என் கணவரும் மகளும் கேட்டோம். பிறகு அவர் கொடுத்த எஸ்டிமேட் சீட்டில் ஒவ்வொரு உருப்படிக்கும் எடையும் தொகையும் மட்டுமே இருந்தன. சேதாரம் எவ்வளவு, கூலி எவ்வளவு என்ற பிரிவு இல்லை. சங்கிலி 1,21,229 ரூபாய், மோதிரம் 30,941 ரூபாய், அட்டிகை 1,81,421 ரூபாய். அட்டிகையின் கீழே தனி வரியாக "கல் 12.50 காரட், 6,000 ரூபாய்" என்று இருந்தது. கூட்டம் நெரிந்துகொண்டிருந்தது, பணம் கட்டும் இடத்தில் வரிசை நின்றது. சீட்டைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள் என்பதால் மகள் அதைக் கைபேசியில் படம் எடுத்து வைத்தாள். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அந்தப் படம்தான் ஆதாரமாயிற்று.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து, அட்டிகையைத் தூக்கிப் பார்த்தபோது, சிவப்பு வெல்வெட் மெத்தைக்கு அடியில் விரல் நகமளவு வெள்ளை டேக் ஒன்று நூலோடு கிடந்தது. மூக்குக் கண்ணாடி போட்டும் எழுத்து தெரியவில்லை; கைபேசியில் பெரிதாக்கித்தான் படிக்க முடிந்தது. மொத்த எடை 24.000, நிகர எடை 21.500. சீட்டில் கல்லின் எடை காரட்டில் இருந்தது, டேக்கில் கிராமில் இருந்தது. கல்லுக்கு ஒரு காரட் என்பது 0.2 கிராம். ஆகவே 12.50 காரட் என்பது சரியாக 2.5 கிராம். தங்கத்தின் தரத்தைச் சொல்கிற காரட் வேறு, கல்லின் எடையைச் சொல்கிற காரட் வேறு. ஒரே சொல் இரண்டுக்கும் வழங்குவதால், 12.50 என்ற எண்ணைக் கடையில் பார்த்தபோது அது எடை என்றே எங்களுக்குத் தோன்றவில்லை.

பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு இரு மாறிகளில் அமைந்த நேரிய சமன்பாடுகளைப் பல ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறேன். நகையின் விலை அந்த வடிவத்துக்கு மிகச் சரியாகப் பொருந்துவது. விலை = சாய்வு × எடை + வெட்டுத்துண்டு. சாய்வு என்பது சேதாரமும் சேர்ந்த ஒரு கிராமின் விலை. வெட்டுத்துண்டு என்பது எடை எவ்வளவானாலும் மாறாமல் உருப்படி ஒவ்வொன்றுக்கும் விழுகிற தொகை. விற்பனையாளர் சொன்னபடி பார்த்தால் சாய்வு 6,600 × 1.12, அதாவது 7,392 ரூபாய். வெட்டுத்துண்டு ஹால்மார்க் கட்டணமான 45 ரூபாய் மட்டுமே.

சீட்டில் இருந்த எண்கள் வேறு சொல்லின. கல் இல்லாத சங்கிலியையும் மோதிரத்தையும் முதலில் எடுத்துக்கொண்டேன். எடை வேறுபாடு 12 கிராம், விலை வேறுபாடு 90,288 ரூபாய். வகுத்தால் கிராமுக்கு 7,524 ரூபாய் வருகிறது. அதை 6,600-ஆல் வகுத்தால் 1.14. அதாவது சேதாரம் பன்னிரண்டு அல்ல, பதினான்கு சதவீதம். மோதிரத்தின் 4 கிராமுக்கு இந்த விலையில் 30,096 ரூபாய்தான் ஆகிறது. மீதம் 845 ரூபாய் நிற்கிறது. அதில் 45 ஹால்மார்க்குக்குப் போக, செய்கூலி கிடையாது என்று சொல்லப்பட்ட உருப்படிக்கு 800 ரூபாய் கூலி உள்ளே உட்கார்ந்திருக்கிறது.

அடுத்துப் போட்ட கணக்கில்தான் நான் அதிர்ந்தேன். அதே சமன்பாட்டில் எடை என்ற இடத்தில் 24 என்று இட்டேன்: 7,524 × 24 + 845 = 1,81,421. அட்டிகைக்கு எழுதியிருந்த தொகை ரூபாய் சுத்தமாக அதுவேதான். வரைபடத் தாளில் மூன்று புள்ளிகளையும் குறித்தால் மூன்றும் ஒரே நேர்கோட்டில் விழுகின்றன. கல் பதித்த நகை, மொத்த எடையை வைத்துக் குறிக்கும்போது, அந்தக் கோட்டுக்குக் கீழே விழ வேண்டும். அதில் இரண்டரை கிராம் தங்கமே அல்ல. அந்தக் கோட்டிலேயே அது விழுந்ததற்கு ஒரே பொருள், கல்லையும் தங்கமென்று நிறுத்து, அதற்குச் சேதாரமும் சேர்த்து விலை போட்டிருக்கிறார்கள் என்பதுதான். அந்த இரண்டரை கிராமுக்கு மட்டும் 18,810 ரூபாய். அதற்கு மேல், அதே கல்லுக்குத் தனியாக 6,000 ரூபாய். இதே அட்டிகையை நாளைக்கு மாற்றப் போனால், கல்லின் எடையைக் கழித்துவிட்டுத்தான் மதிப்புப் போடுவார்கள் என்பது நகை மாற்றிய எல்லாருக்கும் தெரியும்.

மூன்றையும் கூட்டினால் கணக்கு இப்படி நிற்கிறது: கல்லின் எடையால் 18,810, 41.5 கிராம் தங்கத்துக்குக் கிராமுக்கு 132 வீதம் கூடுதல் சேதாரத்தால் 5,478, மூன்று உருப்படிக்கும் சொல்லாத கூலியால் 2,400, ஆக 26,688 ரூபாய். இதன் மேல் 3 சதவீத ஜிஎஸ்டி சுமார் 800 ரூபாய்.

மறுநாள் காலை டேக்கையும் பில்லையும் வரைபடத் தாளையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனோம். "கல் நகைக்கு எல்லாரும் இப்படித்தான் போடுவாங்க மேடம்" என்றார் மேலாளர். நான் குரலை உயர்த்தவில்லை. பில்லை மட்டும் அவர் முன்னால் வைத்தேன். ஹால்மார்க் நகைக்குக் கொடுக்கும் பில்லில் ஒவ்வொரு உருப்படியின் நிகரத் தங்க எடை, தரம், ஹால்மார்க் கட்டணம் ஆகியவை தனித்தனியாக இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பிஐஎஸ்) விதி. எங்கள் பில்லில் அட்டிகையின் நிகர எடை என்ற இடத்தில் 24.000 என்று அச்சாகியிருந்தது; அவர்கள் டேக்கிலேயே 21.500 என்று இருந்தது. இரண்டு நாள் அலைந்த பிறகு 18,810 ரூபாயையும் அதற்கான வரியையும் திருப்பிக் கொடுத்து, வேறு பில் எழுதினார்கள். சேதாரத்தையும் கூலியையும் பற்றிக் கேட்டபோது, பன்னிரண்டு சதவீதம் என்று யாரும் எழுதித் தரவில்லையே என்று கைவிரித்துவிட்டார்கள். அவர்கள் சொன்னதில் எனக்கு வலித்தது, அது உண்மையாக இருந்ததுதான்.

ஆகவே, வாங்கப் போகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். சேதாரத்தின் சதவீதத்தையும் கூலியையும் எஸ்டிமேட் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். கல் நகையென்றால், டேக்கை அறுக்கும் முன் நிகர எடையை உங்கள் கண்ணால் படியுங்கள். கல்லின் காரட்டை ஐந்தால் வகுத்தால் கிராம் வந்துவிடும். எல்லா நகைக்கும் ஒரே சேதாரம் என்று சொன்னால், கல் இல்லாத இரண்டு உருப்படிகளின் விலையைக் கேட்டு, கழித்து, வகுத்துப் பாருங்கள். கைபேசியில் அரை நிமிட வேலை. வேலைப்பாட்டுக்கு ஏற்பச் சேதாரம் மாறுகிற கடைகளில் இந்த இரண்டு புள்ளிக் கணக்கு செல்லாது. அங்கே உருப்படிக்கு உருப்படி தனியாகத்தான் பார்க்க வேண்டும். நகையில் பொறித்திருக்கும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹால்மார்க் அடையாளக் குறியீட்டை (ஹெச்யூஐடி) பிஐஎஸ் கேர் செயலியில் இட்டுச் சரிபார்ப்பதும் தேவைதான். ஆனால் அது தங்கத்தின் தரத்தைச் சொல்லுமே தவிர, பில்லின் கணக்கைச் சொல்லாது. எங்கள் மூன்று நகைகளும் சுத்தமான 916 தங்கமே.

மீதமுள்ள 7,878 ரூபாய்க்காக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். எஸ்டிமேட் சீட்டின் படத்தையும் வரைபடத் தாளின் நகலையும் அதனோடு இணைத்திருக்கிறேன்.