கிரஷர் பெல்ட் அறுந்தால் கிளிப்பா, கோல்டா, ஹாட்டா?

கல் கிரஷரில் கல்லையும் பொடியையும் சுமந்து போகும் பெல்ட் விடுவது பெரும்பாலும் ஜாயிண்டில்தான். அப்போது மூன்று வழி உண்டு: பிளேட் வைத்து போல்ட் இறுக்கும் கிளிப், சொல்யூஷன் தடவி ஒட்டும் கோல்ட், பிரஸ் வைத்துச் சூடேற்றும் ஹாட்.

கிளிப்புக்கு வேகம்தான் பலம். வாசலில் லாரிகள் நிற்கும்போது, வேலை தெரிந்த இரண்டு பேர் சீக்கிரமே பெல்ட்டை ஓட்டிவிடுவார்கள். வினை அப்புறம்தான் ஆரம்பிக்கும். எம்-சாண்ட் பெல்ட்டில் கிளிப் இடுக்கு வழியாகப் பொடி கொட்டி, அடியில் திரும்பி வரும் பெல்ட் மேல் விழுந்து, பின்முனையில் பெல்ட் சுற்றி வரும் டெயில் டிரம்மில் அப்பிக்கொள்ளும். டிரம் ஒரு பக்கம் தடித்தால் பெல்ட் ஓரம் போகும். பிளேட் துருத்தி நின்றால், பெல்ட்டில் ஒட்டியதைச் சுரண்டி எடுக்கும் ஸ்கிரேப்பர் அடிபடும். அடிபடுகிறதே என்று ஸ்கிரேப்பரையே கழற்றி வைப்பவர்களும் உண்டு. பொடி இன்னும் ஜோராகக் கொட்டும்.

கோல்டுக்கு மெஷின் வேண்டாம். பெல்ட்டுக்குள் இருக்கும் துணி அடுக்குகளை, அதாவது பிளைகளை, படி படியாக உரித்து, ஹார்ட்னர் (இறுக வைக்கும் மருந்து) கலந்த சொல்யூஷனைத் தடவி, சரியான பதத்துக்குக் காய்ந்ததும் ஒட்டித் தட்ட வேண்டும். தூசியும் ஈரமும் இதற்கு எதிரி. கிரஷரில் தூசி இல்லாத இடத்துக்கு எங்கே போவது? பிறகு சில மணி நேரம் சும்மா விட வேண்டும்; முதலாளி பொறுக்க மாட்டார்.

ஹாட்டில் சுமார் 145 டிகிரி சூடு, கூடவே அழுத்தம். ஆறும் முன் பிரஸ்ஸைத் திறந்தால் ரப்பர் உப்பிக்கொள்ளும். செலவு அதிகம்தான், ஆனாலும் மெயின் பெல்ட்டுக்கு நான் இதைத்தான் சொல்வேன். கிளிப் அன்றைய லோடை முடிக்க மட்டும்.

ஹாட்டோ கோல்டோ, படி ஜாயிண்டில் ஒரு பிளையின் பலம் போய்விடும். 4 பிளை பெல்ட்டில் மிஞ்சுவது 75 சதவீதம், 3 பிளையில் 67தான். உரிக்கும்போது கத்தி அடுத்த பிளையில் இறங்கினால் அதுவும் குறையும். ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதால் நீளமும் போகும். பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷன் போல்ட்டில் இடமில்லையென்றால் நடுவில் துண்டு சேர்த்து இரண்டு ஜாயிண்ட் போட வேண்டிவரும்.

எந்த ஜாயிண்டானாலும் மூலைமட்டம் வைத்து வெட்டாவிட்டால் பெல்ட் ஓரம் போகும். எப்போதும் ஒரே ரோலர் பக்கம் ஓரம் போனால் அந்த ரோலரையும் அதற்கு முன்னால் உள்ளவற்றையும் பாருங்கள். ஜாயிண்ட் வரும்போதெல்லாம், எந்த ரோலரில் வந்தாலும் ஓரம் போனால் ஜாயிண்ட்தான் கோணல். அதற்கு ரோலரைத் தட்டிப் பயனில்லை, வெட்டி மறுபடி போட வேண்டியதுதான்.