நேஷன்ஸ்டேட்ஸ் விமர்சனம்: சபாநாயகராக இரண்டாம் முறை நிற்பது

நேஷன்ஸ்டேட்ஸ் 2002 நவம்பரிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் இலவச இணைய விளையாட்டு. ஆஸ்திரேலிய எழுத்தாளர் மேக்ஸ் பேரி உருவாக்கியது. ஒரு நாட்டைத் தொடங்கி, தினமும் வரும் பிரச்சினைகளுக்கு முடிவு சொல்லிக்கொண்டே போகலாம். பலர் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அரசியல் ருசி தெரிய வேண்டுமென்றால் ஒரு பிராந்தியத்தின், அதாவது பல ஆட்டக்காரர்களின் நாடுகள் சேர்ந்த குழுவின், ஆட்சிக்குள் இறங்க வேண்டும். அதற்கு நாங்கள் பரிந்துரைப்பது த நார்த் பசிபிக் பிராந்தியத்தை. அதிலும் அதன் பேரவைச் சபாநாயகர் பதவியை, பதவியில் இருப்பவர் மறுபடி நிற்கும் தேர்தலை.

விளையாட்டின் நிரலில் சபாநாயகர் என்று ஒரு பதவியே கிடையாது. உலக மன்றப் பிரதிநிதி (ஐநா போன்ற விளையாட்டு மன்றத்தில் பிராந்தியத்தின் சார்பில் நிற்பவர்), பிராந்திய அதிகாரிகள் அளவில்தான் அதன் அறிவு. அரசியலமைப்பு, சட்டத் தொகுப்பு, பேரவை, நீதிமன்றம் எல்லாமே ஆட்டக்காரர்கள் எழுதி, தங்கள் சொந்த விவாதத் தளத்தில் நடத்திக்கொண்டிருப்பவை. இதுதான் இதன் அழகு. சபாநாயகருக்கு விளையாட்டு ஒரு பொத்தானைக்கூடத் தராது என்பதால் சுமையும் இதுதான். குடிமக்கள் பட்டியல், வாக்கெடுப்பு அட்டவணை, எண்ணிக்கை எல்லாவற்றையும் கையால்தான் பார்க்க வேண்டும்.

பிரதிநிதி, துணைப் பிரதிநிதி, சபாநாயகர் மூன்று பேருக்கும் நான்கு மாதத்துக்கு ஒருமுறை தேர்தல்: ஜனவரி, மே, செப்டம்பர். எனவே மறுதேர்தல் பிரசாரம் பதவியேற்ற முதல் வாரத்திலேயே தொடங்கிவிடுகிறது. சபாநாயகர் செய்வது அனைத்தும் தேதியோடு எல்லோர் கண்முன்னும் பதிவாகிக் கிடக்கிறது. அந்தப் பதிவு சுத்தமாக இருந்தால் பிரசார அறிக்கை நான்கு பத்தி போதும். அது கோணலாக இருந்தால் நாற்பது பத்தி எழுதினாலும் எடுபடாது.

அப்படி என்ன பதிவு? முதலில் குடியுரிமை, அதாவது பேரவையில் வாக்களிக்கும் உரிமை. விண்ணப்பித்தவரின் நாடு பிராந்தியத்தில் இருக்கிறதா, உறுதிமொழி சரியாக இருக்கிறதா என்று பார்த்து, தள நிர்வாகிகளும் துணைப் பிரதிநிதியும் சரிபார்த்தபின் பட்டியலில் சேர்க்க வேண்டும். சட்டம் கொடுக்கும் கெடு 14 நாள். நீக்குவதுதான் இன்னும் கடினம். 30 நாள் தொடர்ந்து விவாதத் தளத்தில் ஒரு பதிவும் போடாதவர், விடுப்பு சொல்லாமல் இருந்தால், குடியுரிமை போய்விடும். அதேபோல 28 நாள் உள்நுழையாத நாடு விளையாட்டிலிருந்தே மறைந்துவிடும். விடுமுறை நிலையில் வைத்திருந்தால் 60 நாள். பட்டியலில் இருக்கிறார், நாடு இல்லை என்ற நிலையில் ஒருவர் போட்ட வாக்கு ஒரே ஒரு வாக்கில் நிறைவேறிய மசோதாவில் இருந்தால், விஷயம் நீதிமன்றம் வரை போகும்.

இதைத் தவிர்க்க, விளையாட்டு தினமும் வெளியிடும் தரவுக் கோப்பை இறக்கி, நாட்டுப் பெயர்களைக் குடிமக்கள் விரிதாளோடு ஒப்பிட்டால் போதும். ஏபிஐ, அதாவது நிரல்கள் விளையாட்டிடம் நேரடியாகத் தரவு கேட்கும் வழி, மூலமாகவும் எடுக்கலாம். ஆனால் 30 வினாடிக்கு 50 கோரிக்கைதான் வரம்பு. மீறினால் கொஞ்ச நேரம் கதவைச் சாத்திவிடுவார்கள். விளையாட்டு தன் கணக்குகளைப் புதுப்பிக்கும் பெரிய அப்டேட் அமெரிக்கக் கிழக்கு நேரம் நள்ளிரவில் தொடங்குகிறது. நம் நேரத்துக்கு காலை 10:30, அங்கே கோடைக்காலக் கடிகாரம் ஓடும்போது 9:30. அது முடிந்தபின் சரிபார்ப்பதுதான் சரி. முன்னால் பார்த்தால் அன்று மறையப்போகும் நாடு உயிரோடு தெரியும்.

இந்தக் கடிகார மாற்றம் ஜனவரியில் வென்றவரை மார்ச்சில் மாட்டிவிடும். வாக்கெடுப்பு முடியும் நேரத்தைக் கிழக்கு நேரத்தில் மட்டும் எழுதி வைத்தால், நடுவில் ஒரு மணி நேரம் நழுவி, கடைசியில் வந்த வாக்கு செல்லுமா செல்லாதா என்ற சண்டை வரும். கோடைக்கால மாற்றமே இல்லாத யூடிசி உலகப் பொது நேரத்தில் எழுதுங்கள். வாக்கெடுப்பைத் திறக்கும் பதிவில் மசோதாவின் இறுதி வடிவம், நீக்கிய வரிகளுக்குக் கோடு, முடியும் நேரம் மூன்றும் கட்டாயம் இருக்கட்டும். முன்மொழிந்தவர் கடைசி நேரத்தில் திருத்திய ஒரு சொல்லைக் கவனிக்காமல் பழைய வடிவத்தை வாக்குக்கு விடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. அதைக் கண்டவுடன் நிறுத்தி, புதிதாகத் திறந்து, காரணத்தை அங்கேயே எழுதுபவரை யாரும் தோற்கடிப்பதில்லை. மூடி மறைப்பவரைத்தான் தோற்கடிப்பார்கள்.

பிரசார அறிக்கையில் எண்கள் பேசட்டும். எத்தனை விண்ணப்பம், சராசரி எத்தனை நாள், மிகத் தாமதமானது எது, ஏன். துணைச் சபாநாயகர்கள் யார், யார் எவ்வளவு செய்தார்கள். துணையின் உழைப்பைத் தன் கணக்கில் எழுதினால் அந்தத் துணையே எதிரே நிற்பார். கேள்வி நேரத்தில் ‘அந்த வாக்கெடுப்பு ஏன் தாமதம்?’ என்று கேட்டால், ‘வேலைப் பளு’ என்பது பதில் அல்ல. ‘விவாதம் முடிந்ததை இரண்டு நாள் கவனிக்கவில்லை, இப்போது ஒவ்வொரு மசோதாவுக்கும் முடிவுத் தேதியை விரிதாளில் வைத்து, ஒரு துணையையும் பொறுப்பாக்கியிருக்கிறேன்’ என்பது பதில். மசோதாக்களைப் பற்றிய தன் கருத்தை அறிக்கையில் கொட்டுவது வேண்டாம். நடுநிலைதான் இந்தப் பதவியின் மூலதனம்.

தந்தி (விளையாட்டுக்குள் அனுப்பும் தனிச்செய்தி) அனுப்பிப் பிரசாரம் செய்வதில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை. பிராந்தியத்தில் ஆயிரக்கணக்கான நாடுகள்; வாக்குரிமையோ குடிமக்களுக்கு மட்டும். காசு கொடுத்து, மொத்தமாகத் தந்தி அனுப்ப உதவும் ஸ்டாம்ப் வாங்கி எல்லோருக்கும் அனுப்புவது வீண். ஏபிஐ மூலம் இலவசமாக அனுப்பினாலும் 30 வினாடிக்கு ஒன்றுதான் போகும். குடிமக்களுக்கு மட்டும், ஒரே ஒரு தடவை, அறிக்கையின் இணைப்போடு அனுப்பினால் போதும். டிஸ்கார்ட் அரட்டைச் செயலியில் பேசி வாக்கு சேர்க்கலாம்தான். ஆனால் அங்கே கொடுத்த வாக்குறுதியைப் பார்க்காத குடிமக்கள் நிறைய. அதைப் பிரசார அறிக்கையிலும் எழுதிவிடுங்கள்.

எதிராக யாரும் நிற்கவில்லை என்று அசட்டையாக இருப்பதுதான் பெரிய ஆபத்து. வாக்குச்சீட்டில் ‘வேட்புமனுவை மறுபடி திற’ என்ற தேர்வு எப்போதும் உண்டு. தனியாக நின்றவரும் அதனிடம் தோற்கலாம். தேர்தல் ஆணையருக்கு ரகசியமாகவும் வாக்கை அனுப்பலாம் என்பதால், வெளியே தெரியும் வாக்குகளை மட்டும் எண்ணி வெற்றியைக் கணிக்கக் கூடாது.

விளையாட்டாக எங்கள் மதிப்பெண் ஐந்துக்கு நான்கு. சட்ட வாசகத்தில் ஒரு காற்புள்ளிக்காக மூன்று நாள் வாதாடப் பிடிக்கும் என்றால் இது உங்களுக்கானது. அரை மதிப்பெண் கருவிகள் இல்லாததற்காகக் கழித்தது, இன்னொரு அரை புதியவருக்கு இந்தப் பேரவை இருப்பதே எளிதில் கண்ணில் படாததற்காக. தினமும் அரை மணி நேரம் ஒதுக்க முடியாதவர் துணைச் சபாநாயகராகத் தொடங்கலாம். வென்றால், இது இரண்டாம் முறை என்றாலும், முடிவு உறுதியான ஒரு வாரத்துக்குள் பதவிப் பிரமாணத்தைப் புதிதாகப் பதிவிட வேண்டும். தவறினால் பதவி காலியாகிவிடும்.